அரை பன்னும் ஒரு ரத்தப் பரிசோதனையும்

ரத்தம் எடுக்க வந்த லேப் ஆன்ட்டியிடம் உருண்டை ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

“பார்த்துட்டுத் திருப்பித் தருவீங்களா?”

“ஒரு ஸ்பூன் அளவுதான்டா கண்ணு. உன் உடம்பு புதுசா செஞ்சுக்கும்” என்றார் அவர்.

உருண்டை யோசித்துவிட்டுக் கையை நீட்டினான். ஊசி குத்தியதும் அழுதான். பஞ்சு வைத்து ஒட்டியதும் நிறுத்திவிட்டான்.

உருண்டை என் தம்பி. மூன்றரை வயது. அவன் கன்னத்தைப் பார்த்து அப்பா வைத்த பெயர் அது. ஆறு மாதத்துக்கு முன் ஒரு நாள் அம்மா அவனுக்கு அரைவேக்காட்டு முட்டை கொடுத்தார். பத்தே நிமிடத்தில் உதடு வீங்கியது. உடம்பெல்லாம் தடிப்பு. வாந்தி வேறு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குள் முட்டை வருவதில்லை. கடையில் அம்மா ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பித் திருப்பிப் படிப்பார்.

“அது உப்பும்மா” என்பார் அப்பா.

“இருக்கட்டும். படிக்கிறது நான்தானே?”

அவனுக்கு முட்டை அலர்ஜிதானா என்று இப்போது ரத்தத்தில் பார்க்கப் போகிறார்கள். அந்த முடிவு வரவே வேண்டாம் என்று எனக்கு இருந்தது. ஏன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

பள்ளி விட்டு வரும்போது பஸ் ஸ்டாப் பேக்கரியில் தினமும் ஒரு பன் வாங்குவேன். பாதி எனக்கு. பாதி, மாடிப்படியில் காத்திருக்கும் உருண்டைக்கு. உள்ளே அப்பா துணி தைத்துக்கொண்டிருப்பார். மிஷினில் உட்கார்ந்தால் தலை நிமிர மாட்டார். அந்தப் பன் பாக்கெட்டில் வருவதில்லை, அதனால் படிக்கவும் எதுவும் இல்லை. பன் என்றால் மாவும் சர்க்கரையும் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வாரம் பேக்கரியின் பின்கதவு திறந்திருந்தது. பேக்கரிக்காரர் பெரிய பாத்திரத்தில் முட்டைகளை உடைத்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

“எதுக்கு அங்கிள்?”

“பன்னுக்குத்தான். பின்ன, சும்மாவா அவ்வளவு மெத்துனு இருக்கு?”

அன்று நான் பன் வாங்கவில்லை. உருண்டை என் பை முழுக்கக் குடைந்து பார்த்தான். கோபத்தில் என் ஜியாமெட்ரி பாக்ஸைப் படியில் உருட்டிவிட்டான். அவனைத் திட்டாமல் நானே இறங்கிப் போய் எடுத்து வந்தேன்.

பரிசோதனை முடிவு வந்ததும் எல்லோரும் டாக்டரிடம் போனோம். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் படித்தார்.

“முட்டைக்கு நம்பர் அதிகமாத்தான் இருக்கு. ஆனா இது பாதிக் கதைதான்மா. இவன் உடம்பு முட்டையை எதிரின்னு குறிச்சு வெச்சிருக்குன்னு ரத்தம் சொல்லுது. சாப்பிட்டா என்ன ஆகும்னு அது முழுசா சொல்லாது. அதைப் பக்கத்துல இருந்து பார்த்தவங்கதான் சொல்லணும். அன்னைக்கு அப்புறம் முட்டை கலந்தது ஏதாவது சாப்பிட்டானா?”

“ஒரு துளி இல்ல” என்றார் அம்மா.

“நிச்சயமா?”

“உப்புக்கே லேபிள் படிக்கிற வீடு டாக்டர்” என்றார் அப்பா.

டாக்டர் எழுதத் தொடங்கினார்.

நம்பர் அதிகமா இருக்கு. அது மட்டும்தான் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. தினமும் அரை பன் கொடுத்து நான்தான் அதை ஏற்றிவிட்டேன். சொன்னால் அம்மா என்னை எப்படிப் பார்ப்பார்? சொல்லாவிட்டால் டாக்டர் தப்பாக எழுதிவிடுவார். அதைத்தான் எல்லோரும் நம்புவார்கள்.

“டாக்டர், அந்த நம்பர் என்னால ஏறினது.”

பேனா நின்றது. பன் கதையை முழுவதும் சொன்னேன். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. டாக்டர் நாற்காலியை என் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

“எவ்வளவு நாளா கொடுத்தே?”

“ரெண்டு மாசம். ஸ்கூல் இருக்கிற நாளெல்லாம்.”

“எவ்வளவு?”

“அரை பன். சில நாள் முக்கால். பிடுங்கிப்பான்.”

“அப்புறம் தடிப்பு, வாந்தி, இருமல்?”

“எதுவும் இல்ல. இன்னும் வேணும்னு அடம்தான்.”

“அதுல முட்டை எவ்வளவு போடுவாங்கன்னு அந்தக் கடையில கேட்கணுமே.”

“கேட்டுட்டேன். நாப்பது பன்னுக்கு ஆறு முட்டை.”

டாக்டர் அப்பாவைப் பார்த்தார். “இவளை முதல்லயே பேச விட்டிருந்தா என் வேலை பாதி முடிஞ்சிருக்கும்.”

பிறகு என்னிடம் திரும்பினார். “நம்பர் ஏறினது உன்னால இல்லம்மா. அந்த அரைவேக்காட்டு முட்டைக்கு முன்னாடியே இவன் உடம்பு குறிச்சு வெச்சிருக்கும். மாவோட சேர்ந்து நல்லா வெந்தா முட்டை கொஞ்சம் மாறிடும். சில பிள்ளைங்களுக்கு அது ஒத்துக்கும். இவனும் அப்படித்தான் போலிருக்கு.”

“அப்போ ஆம்லெட்?” என்றார் அப்பா.

“வீட்டுல எதையும் கொடுத்துப் பார்க்கக்கூடாது. அதை இங்க, எங்க கண்ணு முன்னாடிதான் பார்க்கணும். பன் மட்டும் கொடுக்கலாம். அதே கடை, அதே அளவு.”

எழுதியிருந்த ஒரு வரியை டாக்டர் அடித்தார். ‘முட்டை கலந்த எதுவும் கூடாது’ என்று அதில் இருந்தது.

“ஏன்டி என்கிட்ட சொல்லல?” என்றார் அம்மா.

“நீங்க திட்டுவீங்கன்னு.”

“திட்டத்தான் போறேன். வீட்டுக்கு வா.” சொல்லிக்கொண்டே பின்னலைச் சரிசெய்வதுபோல என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

அங்கிருந்து பார்த்தால் மேசைமேல் இருந்த தாள் நன்றாகத் தெரிந்தது. அதன் மேல்வரியில் ‘விவரம் சொன்னவர்கள்: அம்மா, அப்பா’ என்று இருந்தது. டாக்டர் அதன் பக்கத்தில் கொஞ்சம் இடம் தேடி, ‘அக்கா’ என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டார்.