"ஏலே, திங்க வாலே!"

அடுக்களைப் புறவாசல் கதவின் அடிப்பலகை முழங்கால் உயரத்துக்கு நனைந்திருந்தது. மழை இல்லை. தெருவில் யாரோ பிள்ளையைக் கூப்பிட்ட சத்தத்தில் மத்தியானத் தூக்கம் கலைந்து வந்த ஆவுடைநாயகம் குனிந்து தொட்டுப் பார்த்தான், விரல் பிசுபிசுத்தது. சாண் நீளத்துக்கு ஒரு கறுப்பு மயிர் எச்சிலோடு பலகையில் ஒட்டியிருந்தது. அழுகிய பழமும் ஈரமண்ணும் கலந்த அந்த வாடை, இரண்டு வருஷமாக வேனின் கம்பிவலை வழியே அவன் மூக்கில் ஏறிய அதே வாடை.

"படுபாவி, நாசமாப் போவான்!" என்றான். தன் முதலாளி சிவசங்கரனைத்தான் சொன்னான்.

டவுனில் டிராவல்ஸ் வைத்திருக்கும் அந்த மகராசன் தொண்ணூற்று நான்கில் கனடாவுக்குப் போய், பனிக்காட்டில் வெள்ளைக் கரடி பார்க்கிற வண்டியில் ஏறிவிட்டு வந்தார். கரடி ஜன்னலில் மூக்கை வைத்து நிற்கிற போட்டோவைக் காட்டிக் காட்டியே ஊர் உயிரை எடுத்தார். "அங்கன வெள்ளை, இங்கன கறுப்பு. அம்புட்டுதாம் வே வித்தியாசம்!" மணிமுத்தாறு மலையடியில் தோப்பை வாங்கி, பழைய வேனுக்கு வலை அடித்து, ஆவுடைநாயகத்தை டிரைவராகப் போட்டார். மெட்ராஸ்காரர்களும் வெள்ளைக்காரர்களும் கேமராவோடு வந்து இறங்கினார்கள்.

கரடிதான் வரவில்லை. பலாப்பழம் வைத்தார்கள், விசில் அடித்தார்கள், தகரத்தைத் தட்டினார்கள். மூன்றாம் நாள் எரிச்சல் தாங்காமல் ஆவுடைநாயகம், வீட்டில் பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரியே, "ஏலே, திங்க வாலே!" என்று கத்தினான். புதர் அசைந்தது. வந்தே விட்டது! வேனுக்குள் ஒரே கைதட்டல். அன்றிலிருந்து தினமும் பொழுது சாய அதே கத்தல், அதே பழம். கூப்பிட ஊரில் வேறு வார்த்தையா இல்லை? தெருவில் இருக்கிற அத்தனை தாய்மாரும் பொழுது சாய்ந்தால் கத்துகிற வார்த்தையையா அந்த மிருகத்துக்குப் பழக்குவான் ஒரு மடையன்? தன்னைத்தான் அவனால் மன்னிக்க முடியவில்லை.

வனத்துறை மோப்பம் பிடித்ததும் சிவசங்கரன் ஒரே நாளில் தோப்பைப் பூட்டிவிட்டார். பதினெட்டு நாளாகப் பழம் இல்லை. ஆவுடைநாயகம் அப்படியே எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடிப்போய் முதலாளிக்குப் போன் போட்டான்.

"அண்ணாச்சி, அது வீட்டு வாசலுக்கு வந்துட்டு. கொஞ்சம் கொஞ்சமா நிறுத்துவோம்னு அன்னைக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

"காட்டு மிருகம் காட்டுல திங்கும் வே. வெளிய சொன்னீரு, மொதல்ல உள்ள போறது நீருதான். வாயை மூடிக்கிட்டு இரும்."

போன் வைக்கப்பட்டது. ஆவுடைநாயகம் ரிசீவரைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டினான். ஜெயிலுக்குப் பயந்து இத்தனை நாள் அவனும் வாயை மூடிக்கொண்டுதானே இருந்தான்? பெண்டாட்டி அன்னத்தாயிடம்கூட, "மகேஷைப் பேரைச் சொல்லிக் கூப்பிடு" என்றானே தவிரக் காரணத்தைச் சொல்லவில்லை. "நான் பெத்த புள்ளைய 'லே'ன்னு கூப்பிட எனக்கு எவன் தடை போட?" என்று அவள் சிரித்தாள்.

போதும். ஜெயில் என்றால் ஜெயில். இன்றைக்கே ஊரைக் கூட்டிச் சொல்லிவிடுவது என்று பொழுது சாயத் தெருவுக்குள் நுழைந்தான். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

வாய்க்கால் கரையில் பையன்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். மலைப்பக்கம் கருத்துவிட்டது. முதல் வீட்டு இசக்கியம்மா வாசலுக்கு வந்தாள்.

"ஏலே! சோறு திங்க வாலே!"

"கூப்பிடாதீங்க மதினி! யாரும் கூப்பிடாதீங்க!"

"என்ன கொழுந்தனாரே, தண்ணி போட்டுட்டு வந்தீரா?" என்று அவள் சிரித்தாள். அடுத்த வீட்டில் ஒரு குரல். எதிர்வீட்டில் ஒரு குரல். திங்க வாலே. வாலே. தெரு முழுக்க. கடைசியாகத் தெருக்கோடியில், அவன் வீட்டிலிருந்து, அன்னத்தாயின் குரல்.

வாய்க்காலுக்கு ஓடினான். இருட்டில் ஒவ்வொரு பையனாகத் தோளைப் பிடித்துத் திருப்பினான். மகேஷ் கிடைத்தான். உடம்பு முழுக்கத் தடவினான். முழுசாக இருந்தான். கண்ணில் நீர் முட்டியது. பிள்ளையின் கையை இறுகப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

வீட்டுக்குள் விளக்கு இல்லை. அடுப்பில் கொஞ்சம் கங்கு. அந்தச் சிவப்பில் அன்னத்தாயின் முதுகு தெரிந்தது. புறவாசல் கதவைத் திறந்து வைத்து, நிலையோரம் குந்தியிருந்தாள். ஏதோ உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

"வந்துட்டீங்களா?" திரும்பாமலே கேட்டாள். "உங்க மவன் அதிசயமா ஒரு குரலுக்கே ஓடி வந்துட்டான். பசி போலிருக்கு, தட்டுல மூஞ்சிய வச்சவன் எடுக்கவே இல்ல. எங்கன கெடந்து உருண்டானோ, நாறுதான்."

அவன் கைக்குள் மகேஷின் கை.

கத்த வேண்டும். கத்தினால்? இந்த ஊரிலேயே அதற்கு நன்றாகத் தெரிந்த குரல் அவனுடையது. பல்லைக் கடித்தான். மூச்சைப் பிடித்தான்.

"நிமிருலே, பைய. மூஞ்சியத் தொடைக்கேன்."

அவள் முந்தானையை எடுத்தாள். கை நீண்டது.

"அம்மா!" என்றான் மகேஷ், அப்பாவின் பக்கத்திலிருந்து.

அன்னத்தாயின் கை அந்தரத்தில் நின்றது. உறிஞ்சும் சத்தமும் நின்றது. வாசலில் குந்தியிருந்த இருட்டு பைய எழுந்தது. அவள் தலைக்கு மேல். நிலைக்கு மேல்.