துணைக்கு வந்தவள்

"அஞ்சு டிக்கெட்," என்றாள் வாண்டு.

கலங்கரை விளக்கத்தின் டிக்கெட் கூண்டுக்குள் இருந்தவர் அவளைத் தாண்டிப் பார்த்து, விரலால் காற்றில் எண்ணி, "ஆறு பேரு இருக்கீங்களேம்மா," என்றார்.

திரும்பினாள். தொப்பியைப் பிடித்துக்கொண்டு காற்றோடு மல்லுக்கட்டும் பெரியப்பா. அவரைத் திட்டிக்கொண்டே நிற்கும் பெரியம்மா. ஏறுவதற்கு முன்பே மூச்சு வாங்கும் மாமா. அம்மா. அம்மாவின் முழங்கையைப் பிடித்தபடி, சாம்பல் நிற ஸ்வெட்டரில் இன்னோர் அம்மாள்.

ஆறுதான். நேற்று மாலை, மூன்று நாள் விடுமுறைக்கு அவள் வீடு வந்து சேர்ந்தபோது, அந்த அம்மாள் சமையலறை மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஊர் பார்க்க வந்த பெரியப்பாவோடு வந்தவளாக இருக்கும் என்று நினைத்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வாண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். இன்று காலை ஆட்களை எண்ணும்போது மட்டும் அவள் எப்படி விட்டுப்போனாள் என்று தெரியவில்லை.

பெரியம்மா அருகில் வந்து காதைக் கடித்தாள். "உங்கம்மா பக்கத்து ஆளா அவங்க? வாயே திறக்க மாட்டேங்கறாங்களே."

"உங்க கூட வந்தவங்க இல்லையா?"

"எங்க கூடவா? நல்ல கதை."

மாமா அம்மாவின் தம்பி. அம்மா பக்கத்து உறவெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவரிடம் கேட்டாள். "நான் உங்கப்பா பக்கம்னுல்ல நினைச்சேன்," என்றார். "போய்க் கேட்டுத் தொலைச்சிடாதே. ஒரு கல்யாணத்துல உங்கப்பா ஒருத்தரைப் பாத்து 'நீங்க யாரு'ன்னு கேட்டாரு. பதினோரு வருஷம் அந்தக் குடும்பம் நம்ம வாசப்படி மிதிக்கல."

கேட்கவில்லை. முப்பத்தெட்டு வயதிலும் வாண்டு என்றே அழைக்கப்படுகிறவள், பெரியவர்கள் கேட்காததை எப்படிக் கேட்பாள்?

தவிர, அவளுக்கு வேறு கவலை இருந்தது. இரண்டு வருடமாக ஊருக்கு வரவில்லை. இந்த முறை அம்மாவைத் தன்னோடு கூட்டிப் போய்விடுவது என்று அறையை ஒழித்து, கட்டில் வாங்கிப் போட்டு, அதைச் சொல்லத்தான் வந்திருந்தாள். வந்ததிலிருந்து அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. "ரெண்டு வருஷம் கழிச்சு வந்து எனக்கே என் ஊரைச் சுத்திக் காட்டுறா," என்று பெரியம்மாவிடம், வாண்டுவுக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்.

உள்ளே படிகள் சங்குபோலச் சுற்றிச் சுற்றி மேலே போயின. துருப்பிடித்த கைப்பிடி ஈரமாக இருந்தது. "இதுல ஏறினா மேல போறது உறுதி, திரும்பி வர்றதுதான் சந்தேகம்," என்று மாமா கீழேயே நின்றுவிட்டார். மேலே எங்கோ பெரியப்பாவும் பெரியம்மாவும் படிகளின் எண்ணிக்கை பற்றிச் சண்டை போடுவது குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் வந்துகொண்டிருந்தது. வாண்டுவுக்குச் சற்று முன்னால் அம்மா, வலது காலை லேசாக இழுத்து இழுத்து, அந்தப் பழைய மூட்டுவலியோடு ஏறிக்கொண்டிருந்தாள். தட், சர்ர். தட், சர்ர். அம்மா தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனை அந்தக் குறுகிய இருட்டில் கனமாக இருந்தது. பாதி ஏறியபிறகுதான் வாண்டுவுக்கு உறைத்தது. வாசனை முன்னாலிருந்து வரவில்லை. பின்னாலிருந்து வந்தது.

நின்றாள். அம்மாவும் மூச்சு வாங்க நின்றாள்.

பின்னால் கீழே, வளைவுக்கு அப்பால், ஒரு கால் மட்டும் நிற்கவில்லை. தட், சர்ர்.

மறுநாள் ஏரிக்குப் போனார்கள். அந்த அம்மாள் இப்போது பழுப்புச் சால்வை போர்த்தியிருந்தாள். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வாங்கி, போன குளிர்காலத்தில் தான் வருவதற்குப் பதிலாக வாண்டு கூரியரில் அனுப்பிய இரண்டு சால்வைகளில் ஒன்று. இன்னொன்று அம்மாவின் தோளில். பெஞ்சில் இருவரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அம்மா எதையோ சொல்ல ஆரம்பித்துச் சொல் கிடைக்காமல் நிறுத்த, மற்றவள் அதை முடித்து வைத்தாள். அம்மாவின் குரலில்.

விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டில் இருக்கும் முகத்தையும் எதிரே நிற்கும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வாண்டுவின் வேலை. காது மாறாது, கண்ணுக்கு இடையே உள்ள தூரம் மாறாது என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவள் அந்த அம்மாளின் காதைப் பார்த்தாள். கண்களைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் காதை, அம்மாவின் கண்களை.

"என்னடி அப்படிப் பாக்கற?" என்று பெரியம்மா கேட்டாள்.

"ஒண்ணுமில்ல பெரியம்மா."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். வெளியே தூறல்.

"யாரும்மா அவங்க?"

"யாருன்னா? நீ அனுப்பின ஆளுதானே."

"நானா?"

"மழை நேரத்துல வந்து நின்னா. 'உங்க பொண்ணு துணைக்கு அனுப்பிச்சா'ன்னு சொன்னா. சரி, தான் வர முடியலன்னாலும் இதையாவது செய்யணும்னு தோணிச்சேன்னு நினைச்சேன்." அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "போன்ல சொன்னேனே, எனக்குத் துணை இருக்குன்னு. யாருன்னு நீதான் கேக்கல."

"நான் யாரையும் அனுப்பலம்மா."

துணி நின்றது. அடுப்பில் ஏற்கெனவே சுத்தமாக இருந்த இடத்தையே அம்மா நெடுநேரம் பார்த்தாள்.

"அனுப்பியிருக்கலாம்," என்றாள்.

கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில், யாரோ மூச்சு விட்டார்கள்.

வாண்டு குரலைத் தாழ்த்தினாள். "பெட்டில நாலு துணி வை. இப்பவே கெளம்பறோம். யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். நான் வண்டியை எடுக்கறேன், நீ வந்து ஏறிக்கோ."

"நாளைக்குப் போலாமே..."

"இப்பம்மா."

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு நாளில் முதல்முறையாக. "நெசமாவா கூட்டிட்டுப் போறே?" என்றாள்.

வாசலில் வெளிச்சம் மங்கிவிட்டது. மழை வலுத்து, காரின் கண்ணாடியெல்லாம் வழிந்தது. வண்டியைக் கிளப்பிவிட்டுக் காத்திருந்தாள். கதவு திறந்தது. சால்வையைத் தலைமேல் போட்டுக்கொண்டு அம்மா ஏறி உட்கார்ந்தாள். தைல வாசனை. ஈரக் கம்பளி வாசனை. வாண்டுவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

முட்டுச்சந்து அது. கோடி வரை போய்த்தான் வண்டியைத் திருப்ப வேண்டும். அதுவரை அவள் பேசிக்கொண்டே போனாள். வேலை என்று சொன்னதெல்லாம் பாதி பொய் என்றாள். இந்த வீட்டின் அமைதி பயமாக இருந்தது, அப்பா போனபிறகு உள்ளே வரவே பிடிக்கவில்லை, அதனால்தான் வரவில்லை, மன்னிச்சிடும்மா என்றாள். அழுதாள். ஒரு கை வந்து அவள் முழங்காலைத் தட்டிக்கொடுத்தது.

சூடாக இருந்தது அந்தக் கை. அம்மாவின் கைதான்.

திருப்பினாள். விளக்கொளி சந்தின் சுவர்களைத் தடவிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் விழுந்தது.

அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

தலைமேல் சால்வை. ஒரு கையில் பெட்டி. மறு கை வண்டியை நிறுத்த உயர்ந்திருந்தது.

பிரேக். டயர் வழுக்கி நின்றது.

வாசலைப் பார்த்தாள். பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். வாசல். இருக்கை. அதே நெற்றி. அதே காது. இரண்டு பேர் கண்ணிலும் அதே பயம். அதே ஆசை.

"அது யாருடி?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"வாண்டு," என்றாள் வாசலில் நின்றவள். மழையில் குரல் கேட்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

ஏதாவது ஒன்று. ஒரு மச்சம், ஒரு தழும்பு, ஒரு பழக்கம். இரண்டு வருடம். அதற்கு முன்னும்தான் எப்போது சரியாகப் பார்த்தாள்? தேடினாள். கிடைக்கவில்லை. முகம் முகமாகத் தாவினாள்.

வாசலில் நின்றவள் அதைப் பார்த்தாள். கண்ணாடி வழியாக, மகளின் கண்கள் அலைவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிறகு பெட்டியைத் தரையில் வைத்தாள். உயர்த்திய கையை மெல்லக் கீழே இறக்கினாள். வண்டி போவதற்கு வழிவிட்டு, சுவரோரமாக ஒதுங்கி நின்றாள்.