அச்சுவேலி வீட்டின் வெறும் பேணிகள்

தகரப் பேணிகள் ஐந்தும் வெறுமையாக இருந்தன.

ஐரிஸ் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். வாய்விட்டுச் சிரிக்கிற முகம் ஒட்டிய பேணி முதல் அழுகிற முகம் ஒட்டிய பேணி வரை, ஒன்றிலிருந்தும் ஒரு புளியங்கொட்டை விழவில்லை.

"இரண்டாம் தரம்," என்றார்.

"கடவுளாணை, நான் அச்சுவேலிக்குப் போனனான் அக்கா," என்றாள் நிஷானி. "துலைச்சால் நான் திரும்ப வந்து முழுக்கக் கேக்க வேணும், கவனமாய்ப் போடு பிள்ளை எண்டு தாரிகாவிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் துடங்கினனான். ஒவ்வொரு கேள்விக்கும் 'போட்டிட்டன்' எண்டு சொன்னவள்."

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்த அந்த ஆய்வு அலுவலகத்துக்கு ஒரே வேலை. நோயோடு வளரும் பிள்ளைகளின் வாழ்க்கை எப்படிப் போகிறது என்று அளப்பது. இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று ஆஸ்பத்திரி அளக்கும். அந்தச் சீனியோடு பிள்ளை எப்படிச் சீவிக்கிறது என்று இவர்கள் அளப்பார்கள். பெரியவர்களின் முகத்தைப் பார்த்துப் பிள்ளை மறுமொழி சொல்லக்கூடாது என்பதற்காகத்தான் பேணிகள். பிள்ளை அறைக்குள் தனியாக இருக்கும். திரைச்சீலைக்கு வெளியே இருந்து நிஷானி கேட்பாள்: "போன கிழமை விளையாட்டு எப்படி? கூட்டாளிகள் எப்படி?" மனதுக்குப் பட்ட முகத்தின் பேணிக்குள் பிள்ளை ஒரு கொட்டையைப் போடும். பிள்ளையே மூடியைப் போட்டுத் தரும்; பையில் கட்டி அலுவலகத்துக்குக் கொண்டுவந்துதான் திறந்து எண்ணுவார்கள்.

மற்ற வீடுகளில் ஒரு குறையும் இல்லை. அச்சுவேலியில், பன்னிரண்டு வயதுத் தாரிகாவின் வீட்டில் மட்டும் இந்தக் களவு. நிஷானி அந்த வீட்டுப் பக்கமே போகாமல் சந்தையில் ஐஸ்கிறீம் குடித்துவிட்டு வருகிறாள் என்பது அலுவலகத் தலைவரின் முடிவு. நாளைக் காலைக்குள் கொட்டைகள் வராவிட்டால் அவளுக்கு வேலை இல்லை. தகப்பன் இல்லாத நிஷானியின் வீட்டில் அவளுடைய சம்பளத்தில்தான் அடுப்பெரிந்தது.

ஐரிஸ் மேற்பார்வையாளர். யாழ்ப்பாணம் பெரியகடையில் தகப்பனின் புடவைக் கடையில், சீலைக் கட்டுகளுக்குப் பின்னால் வளர்ந்தவர். வாங்க வந்தவள் யார், விலை கேட்டுப் பொழுதுபோக்க வந்தவள் யார் என்று செருப்புக் கழற்றும் விதத்திலேயே சொல்லுவார். தகப்பன் போனார், கடை போனது, கூடப்பிறந்தவர்கள் ரொறன்ரோ போனார்கள். வீட்டில் இப்போது அவரோடு பேரம் பேச ஒரு பூனைகூட இல்லை.

"பை எங்கை இருந்தது?"

"ஹோல் மேசையிலை. நான் குசினிக்குள்ளை தேத்தண்ணி குடிச்சனான்."

"ஹோலிலை ஆர்?"

"தாரிகாவின்ரை பெரியம்மா. பிறகு பெரியப்பாதான் பையைக் கொண்டுவந்து ஸ்கூட்டியிலை கொழுவினவர்."

"கேள்வி கேக்கேக்கை?"

"ஒருத்தரும் இல்லை. செத்தவீடு மாதிரி."

"செத்தவீட்டிலை ஒப்பாரியாவது கேக்கும்."

"உங்கை அதுவும் இல்லை அக்கா. பிரிட்ஜ் உறுமுறது கேக்கும், மணிக்கூடு கேக்கும். வேறை ஒரு சத்தமும் இல்லை."

"பையின்ரை முடிச்சு?"

நிஷானி யோசித்தாள். "நான் இறுக்கிப் போட்டனான். இஞ்சை வரேக்கை பூமுடிச்சு."

பிற்பகல் மூன்று மணிக்கு இருவரும் அச்சுவேலியில் இறங்கினார்கள்.

பெரியப்பா பரமலிங்கம் வாசலிலேயே தொடங்கிவிட்டார். "புளியங்கொட்டையைக் களவெடுத்து நான் என்ன, கப்பலோ விடப்போறன்?"

ஐரிஸ் அவரை விட்டுவிட்டுப் பெரியம்மா பத்மாசினியின் பின்னலைப் பார்த்தார். நுனியில் கறுப்பு ரிபன், அழகான பூமுடிச்சு.

"பையை அவிட்டனீங்கள், என்ன?"

பத்மாசினி முதலில் இல்லை என்றார். பிறகு கண் கலங்கியது. "ஓம், அவிட்டனான்தான். சிரிக்கிற பேணியிலை எத்தினை, அழுகிற பேணியிலை எத்தினை எண்டு பாக்க. லண்டனிலை இருக்கிற என்ரை தங்கச்சி என்னை நம்பித்தானே பிள்ளையை விட்டவள்! ஆனால் உள்ளுக்கை ஒண்டும் இல்லை. வெறும் பேணி. இதைச் சொன்னால் ஆர் நம்புவினம்?"

"நான் நம்புறன்," என்றார் ஐரிஸ். "பிள்ளை வெளியிலை விளையாடப் போறவளோ?"

"ஐயோ, விடுறேல்லை. இவளுக்குச் சீனி வருத்தம் எண்டு அயலுக்குத் தெரியாது. பொம்பிளைப் பிள்ளை. நாளைக்கு ஒரு கலியாணம் பேசேக்கை..."

ஐரிஸ் நிஷானியைத் திரைச்சீலைக்கு வெளியே வழக்கமான கதிரையில் இருத்தினார். தான் அறைக்குள் போனார். கட்டிலில் தாரிகா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஐரிஸ் கைப்பையிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து வெறும் பேணிக்குள் போட்டார்.

ணங்!

"கேட்டதோ நிஷானி?"

"கேட்டது அக்கா."

"அண்டைக்குக் கேட்டதோ?"

நிஷானி திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

"மணிக்கூடு கேட்டிருக்கு, பிரிட்ஜ் கேட்டிருக்கு. தகரத்திலை கொட்டை விழுந்த சத்தம் கேக்கேல்லை. பெரியம்மா அவிட்டது பொய்யில்லை, ஆனால் அதுக்குள்ளை எடுக்கிறதுக்கு ஒண்டும் இருக்கேல்லை. கொட்டை ஒண்டும் பேணிக்குள்ளை போகவே இல்லை." ஐரிஸ் கட்டிலில் அமர்ந்தார். "எடுத்தது நீதான், என்ன பிள்ளை?"

தாரிகா சட்டைப் பைக்குள் கைவிட்டு, இரண்டு தரத்துக் கொட்டைகளையும் கட்டிலில் கொட்டினாள்.

"எங்கடை கடைக்கு ஒரு மனிசி வாறவ," என்றார் ஐரிஸ். "ஒவ்வொரு தரமும் குடையை மறந்துபோட்டுப் போவா. திரும்ப வாறதுக்கு ஒரு சாட்டு. துலைஞ்சால் நிஷானி அக்கா திரும்ப வருவா எண்டு உனக்குத் தெரியும்."

"பேணியிலை போட்டால் முடிஞ்சிடும்," என்றாள் தாரிகா. "ஊசி போட்டியோ, சீனி எவ்வளவு எண்டு எல்லாரும் கேப்பினம். விளையாட்டு எப்படி எண்டு அக்கா மட்டும்தான் கேக்கிறவ."

"அக்காவுக்கு வேலை போகப்போகுது, தெரியுமோ?"

"அது தெரியாது. தெரிஞ்சிருந்தால் செய்திருக்க மாட்டன்."

வெளியே பத்மாசினி மூக்கைச் சிந்தினார்.

நிஷானி கேள்விகளை முதலிலிருந்து கேட்டாள். இம்முறை ஒவ்வொன்றுக்கும் தகரம் பேசியது. எந்த முகத்தில் விழுகிறது என்று வெளியே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. ஆனாலும் பத்மாசினி ஒவ்வொரு சத்தத்துக்கும் கண்ணை மூடித் திறந்தார். ஐரிஸ் முற்றத்தில் நின்று தலைவருக்குப் போன் எடுத்து, நடந்ததைச் சொன்னார். நிஷானியின் வேலை தப்பியது.

பை கட்டியானதும் தாரிகா வாசலுக்கு வந்தாள். "இனி ஒருத்தரும் வரமாட்டினம், என்ன?"

"நான் வாறன்," என்றார் ஐரிஸ். "மாசத்துக்கு ஒருக்கா."

"கிழமைக்கு ஒருக்கா."

"ஆ, நல்ல விலை! ரெண்டு கிழமைக்கு ஒருக்கா. அதுக்கு மேலை ஏலாது."

தாரிகா யோசித்தாள். "சரி."

ஐரிஸ் செருப்பை மாட்டி, ஒழுங்கையின் தெருமுனை வரை நடந்தார். அங்கே நிஷானி ஸ்கூட்டியை இயக்கினாள். ஐரிஸ் ஏறவில்லை. திரும்பி வந்து வீட்டு வேலிப் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, கிழமைக்கு ஒருக்கா எண்டே வைப்பம்."

பேரம் படிந்த பிறகு, வாங்குகிறவர் தானே விலையை ஏற்றியதை அந்தப் புடவைக் கடைப் பரம்பரை கண்டதில்லை.

"சனியோ, ஞாயிறோ?" என்று கேட்டாள் தாரிகா.

"எனக்கு ரெண்டும் ஒண்டுதான்," என்றார் ஐரிஸ்.