சொதிப் பந்தியில் ஒரு பச்சை விளக்கு

பந்திக்கண் செண்பகராமனைப் பார்த்ததும் சிவந்தது.

மண்டபத்துச் சாப்பாட்டு வாசலில் தலைக்கு மேலே தொங்குகிற அந்தச் சின்ன உருண்டைக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. வருகிறவரின் மணிக்கட்டில் ரத்தக் கொழுப்பை அளந்துகொண்டிருக்கும் குருதிவளையைப் படிக்கும். இருநூறுக்குக் கீழே என்றால் பச்சை, மேலே என்றால் சிவப்பு. பச்சைக்காரர்களுக்கு வலது பக்கம் நெய், வடை, போளி, பாயசம். சிவப்புக்காரர்களுக்கு இடது பக்கம் அவித்த பயறும் கொள்ளு ரசமும். கல்யாண வீடுகளில் கை கழுவப் போன இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறவர்கள் பெருகிப்போன காலத்தில் வந்த சட்டம் இது.

சட்டம் போட்டவர்கள் முதலில் நாலைந்து எண்களைக் காட்டுவதாகத்தான் இருந்தார்கள். "இத்தனையை யார் பார்ப்பது? ஒரே எண்ணாகக் கொடுங்கள்" என்று சண்டை போட்டு வாங்கியது ஜனங்கள்தான். அதனால் வளையின் முகத்தில் மொத்தக் கொழுப்பு மட்டும் ஒளிரும். மற்றதெல்லாம் உள்பக்கத்தில், தோலோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

செண்பகராமனின் எண் இருநூற்று முப்பத்தாறு. தலையைக் குனிந்துகொண்டு இடது பக்கம் போய் உட்கார்ந்தார். நேர் எதிரே, வலது பக்கத்தில், அவருடைய சகலை பூதலிங்கம் மூன்றாவது போளிக்கு நெய் விடச் சொல்லிக்கொண்டிருந்தான்.

சட்டைப் பொத்தான் தெறிக்கிற தொந்தி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். தெருமுனைக்குப் போகக்கூடத் தானோடி வண்டியைக் கூப்பிடுகிற ஆள். அவன் எண் நூற்று எழுபத்தொன்று! செண்பகராமனோ தினமும் பாளையங்கோட்டையிலிருந்து ஆற்றுப் பாலம் வரைக்கும் சைக்கிள் மிதித்துவிட்டு வருகிறவர். வருஷக்கணக்கில் வாயைக் கட்டியவர். இது என்ன நியாயம் என்று அவருக்கு விளங்கவே இல்லை.

"அண்ணாச்சி! பயறு நல்லா வெந்திருக்கா?" என்று பூதலிங்கம் மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி விசாரித்தான்.

"நீ உன் எலையப் பாருடே."

செண்பகராமனுக்கு வயிறு எரிந்தது. கொள்ளு ரசத்தைக் குறை சொல்லி என்ன செய்ய?

சும்மா எரிந்து அணைந்திருக்கும். ஆனால் தை மாதம் அவர் மகள் உமையாளுக்குக் கல்யாணம். கல்யாணம் முடிந்ததும் மறுவீட்டுச் சொதி. தேங்காய்ப்பாலில் வைத்த சொதியும் இஞ்சிப் பச்சடியும் பரிமாற, பெண்ணைப் பெற்றவரும் மாப்பிள்ளையைப் பெற்றவரும் தோளோடு தோள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். திருநெல்வேலிக்காரர்களுக்குத் தாலி கட்டுவதற்கு அடுத்த பெரிய விஷயம் அதுதான். தேங்காய்ப்பால் ஆயிற்றே, அது பச்சைப் பந்தி. பெண்ணின் அப்பா சிவப்பாக இருந்தால் அந்த இடத்தில் சித்தப்பா உட்காரலாம் என்று ஊரில் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள்.

உமையாளுக்கு இருப்பது ஒரே சித்தப்பா. பூதலிங்கம்.

தன் மகளுடைய சொதியை அந்தத் தொந்தி சாப்பிடுவதைச் செண்பகராமனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மறுநாளே மருத்துவர் ஜெரினாவிடம் போய் நின்றார். அவர் வளையைக் கழற்றித் திருப்பினார்.

"இந்தப் பக்கத்த என்னைக்காவது பாத்திருக்கீங்களா?"

"அதுல என்ன இருக்கு?"

"எல்லாமே இதுலதான் இருக்கு. நல்ல கொழுப்பு தொண்ணூத்தி நாலு. ரத்தக்குழாய்ல படியிறத வழிச்சு எடுத்துட்டுப் போற ஜாதி அது. கெட்டது நூத்திப் பதினெட்டு. அது படியிற ஜாதி. டிரைகிளிசரைடு நூத்தி இருபது, அதுல அஞ்சுல ஒரு பங்கு மட்டும் கணக்குல சேரும், இருபத்தி நாலு. மூணையும் கூட்டுங்க."

"இருநூத்தி முப்பத்தாறு."

"மொத்தம் ஏறி நிக்கிறதே நல்லது நிறைய இருக்கிறதாலதான். மொத்தத்த நல்லதால வகுத்தா ரெண்டரை வருது. பேஷா இருக்கீங்க. நல்லது அம்பது இருந்தாலே நாங்க சந்தோஷப்படுவோம்."

செண்பகராமன் முகம் பளிச்சென்று ஆனது. "அப்ப அம்பது போதுமா? மிச்சம் நாப்பத்தி நால எடுத்துட்டா நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு. பச்சை!"

மருத்துவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்டக் கூட்டுற ஆளையே வேலைய விட்டு நிறுத்தச் சொல்றீங்க. நான் செய்ய மாட்டேன்."

மருத்துவர் செய்யாவிட்டால் கடைக்காரன் செய்வான். முகூர்த்த மாதங்களில் 'எண்ணடக்கி' மாத்திரை பழத்தைவிட அதிகமாக விற்றுக்கொண்டிருந்தது. கொழுப்பில் எது சுலபமாகக் கரைகிறதோ அதைக் கரைத்து எண்ணை இறக்கும். எதைக் கரைத்தது என்று அதுவும் சொல்லாது, வாங்குகிறவரும் கேட்க மாட்டார். சாப்பிடுகிற காலத்தில் உடம்பை அலட்டக் கூடாது என்றான் கடைக்காரன். சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் போனது. ஓடாத உடம்புக்குப் பொழுது போக வேண்டாமா, முறுக்கும் அதிரசமும் மெல்ல உள்ளே வந்தன. எண் இறங்கிக்கொண்டே இருந்தது. செண்பகராமனுக்கு அதைப் பார்ப்பதே ஆனந்தம்.

"படியேறினா உங்களுக்கு இப்படி மூச்சு இளைக்குதே" என்றாள் மனைவி கோமதி.

"எண்ணு எறங்குதுல்லா? அதப் பாரு."

"எந்தங்கச்சி வீட்டுக்காரர் சைக்கிள் வாங்கியிருக்காராம். காலைல பாலத்துக்குப் போறாராம்."

"எம் பாலத்துக்கு அவன் எதுக்குப் போறான்?" என்று சீறினார் செண்பகராமன். சைக்கிளைத் தொட்டே மாதக்கணக்காகியிருந்தது. ஆனாலும் அந்தப் பாலத்தைப் பூதலிங்கத்துக்கு விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. சொதி விருந்தன்று சம்பந்தியின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு சாப்பாட்டு வாசலுக்கு வந்தார் செண்பகராமன். பந்திக்கண் ஒரு கணம் யோசித்தது. நூற்றுத் தொண்ணூற்றெட்டு. பச்சை!

பின்னால் வந்த பூதலிங்கத்துக்கு அது சிவந்தது. இருநூற்று ஐந்து.

செண்பகராமன் திரும்பிப் பார்த்தார். இந்த ஒரு முகத்தைப் பார்ப்பதற்காகத்தானே இத்தனை பாடும். ஆனால் அந்த முகம் வாடவில்லை. கன்னம் வற்றியிருந்தது, தொந்தியில் பாதியைக் காணவில்லை. இடது பக்கம் போகிற வழியில் அவர் இலைக்கு எதிரே வந்து நின்று சிரித்தான்.

"ஜெயிச்சிட்டீக அண்ணாச்சி."

"உனக்கு என்னடே ஆச்சு?"

"எல்லாம் உங்க மேல உள்ள பொறாமைதான். செவப்புல உக்காந்துகிட்டு அந்த மனுசன் எப்படிச் சைக்கிள் மிதிக்காரு, நமக்கு ஏன் மாடி ஏற முடியலன்னு எனக்கு ஒரே எரிச்சல். அந்த எரிச்சல்லதான் டாக்டரம்மாட்ட போனேன். வளையத் திருப்பிக் காட்டினாக. நல்லது வெறும் இருபத்தெட்டு. டிரைகிளிசரைடு முந்நூத்தி நாப்பது. பச்சைப் பந்தில உக்காந்தே போய்ச் சேந்திருப்பீருன்னாக."

"இப்ப?"

"இப்ப நல்லது நாப்பத்தெட்டு. டிரைகிளிசரைடு பாதிக்கு வந்துட்டு. ஆனா அது எறங்குறப்ப கெட்டது நூத்தி இருபத்தி மூணுக்கு ஏறி, மொத்தம் இருநூறத் தாண்டிட்டு. தாண்டட்டும். நீங்க மிதிச்ச பாலத்துலதான் மிதிக்கேன்." சொல்லிவிட்டுப் பயறு தீர்ந்துவிடப் போகிறது என்கிற மாதிரி வேகமாக நடந்தான்.

செண்பகராமன் மடியில் கையை ஒளித்துக்கொண்டு, மெல்ல வளையைத் திருப்பினார். வாழ்க்கையில் தானாக அதைத் திருப்பியது அதுவே முதல் தடவை.

கெட்டது நூற்றிருபது. டிரைகிளிசரைடு இருநூற்றைம்பது. நல்லது இருபத்தெட்டு.

இருபத்தெட்டு. எந்த ரத்தத்தின் மேல் கண் வைத்தாரோ, அதே ரத்தம் வந்து சேர்ந்திருந்தது. எழுந்துவிடலாமா என்று நினைத்தார். முதல் கவளத்துக்கு முன்னால், சம்பந்தி உட்கார்ந்திருக்கையில், பெண்ணைப் பெற்றவர் இலையை விட்டு எழுவதா? உமையாள் அந்த வீட்டில் அதைக் காலம் பூராவும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

எதிரே பூதலிங்கம் கொள்ளு ரசத்தை உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சினான். இன்னும் கொஞ்சம் என்று கையை நீட்டினான். செண்பகராமனுக்கு வயிறு எரிந்தது. அதே பழைய எரிச்சல், ஒரு குண்டுமணி அளவுகூடக் குறையவில்லை.

"அங்க என்ன பாக்கீக சம்பந்தி?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"ஒண்ணுமில்ல... அந்த ரசம் நல்ல மணமா இருக்கு."

"அது நமக்கு எதுக்கு? அது செவப்புக்காரங்க சாப்பாடு." சம்பந்தி உரிமையோடு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார். "ஏப்பா, பொண்ணு வீட்டு எலைல நெய்யவே காணோம். தாராளமா விடு."

செண்பகராமன் சிரித்த முகத்தோடு நெய்க்காக இலையை முன்னால் தள்ளினார்.