உள்கை

மாமியார் இறந்துபோன பிறகு பூட்டியே கிடந்த, மண்பாண்டப் பட்டறையின் பெரிய சக்கர அறையை மருமகள் திறந்தபோது முதலில் மூக்கில் ஏறியது ஈர மண் வாசனை. மாசக்கணக்காக யாரும் தண்ணீர் தெளிக்காத அறை அது. தூசி பறந்திருக்க வேண்டும். ஆனால் சக்கரத்தட்டில் விரலை வைத்தால் ஜில்லென்று ஒட்டியது. அந்த அறையில் ஜன்னலைத் திறக்கிற வழக்கமே கிடையாது. காற்று பட்டால் பெரிய சாடிகள் ஒரு பக்கம் சீக்கிரம் காய்ந்து விரிசல் விட்டுவிடும். அதனால் பட்டப்பகலிலும் உள்ளே சாயங்கால இருட்டுதான், மேலே ஒற்றை பல்பு.

"சுவர்ல ஈரம் இறங்குது போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சட்டைக் கையை மடித்துவிட்டாள். ஈர மண்ணோடு தலைவலித் தைல வாசனையும் லேசாகக் கலந்திருந்ததைக் கவனித்தாள். மாமியாருக்குத் தைலம் இல்லாமல் ஒரு நாள் போகாது. பயப்படுகிற மனநிலையில் மருமகள் இல்லை. அவளுக்கு இருந்ததெல்லாம் வயிற்றெரிச்சல்.

அதற்குக் காரணம் இருந்தது. அந்தப் பட்டறையில் இடுப்பளவு உயரப் பூச்சாடிகளை எப்போதும் இரண்டு பேர் சேர்ந்துதான் செய்தார்கள். மாமியாருக்கு வலது மணிக்கட்டு என்றைக்கோ உடைந்து கோணலாக ஒட்டிக்கொண்டது. காபி டம்ளரைக்கூட இடது கையால்தான் எடுப்பாள். சாடியின் சுவரை உயர்த்த வேண்டுமென்றால் உள்ளே ஒரு கை, வெளியே ஒரு கை வேண்டும். நடுவில் மண்ணை வைத்துக்கொண்டு இரண்டும் ஒன்றையொன்று அழுத்தியபடி மேலே ஏற வேண்டும். உள்ளே மாமியாரின் இடது கை. வெளியே பிடிக்க, கல்யாணமாகி வந்த மறு மாசமே மருமகளின் வலது கையை வாங்கி வைத்துக்கொண்டாள்.

வேலை நடக்கும்போது பேச்சே கிடையாது. உள்ளேயிருந்து சுவர் வழியாக விரலால் ஒரு தட்டு தட்டினால், அழுத்து என்று அர்த்தம். இரண்டு தட்டினால், போதும், கையை எடு. அந்தத் தட்டு காதில் கேட்காது, வெளியே பிடித்திருக்கிற விரல் நுனியில்தான் தெரியும். இருபது வருஷம் இதற்கு ஆடியாடி, மருமகள் யோசிப்பதற்கு முன்பே அவள் வலது கை விலகிவிடும்.

அவளும் கேட்காமல் இல்லை. "அத்தை, ஒரு தடவை நான் உள்ளே கை விட்டுப் பார்க்கட்டுமா?"

"வெளியே பிடிச்சாப் போதும். உள்ளே என்ன நடக்குதுன்னு உனக்கு எதுக்கு?"

சாடிக்கு மட்டும் சொன்ன பதிலா அது? அலமாரிச் சாவி முதல் தன் பிள்ளையின் சம்பாத்தியம் வரை அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். வருகிறவர்கள் சாடியைத் தடவிப் பார்த்து, "பெரியம்மா கை வச்சா அது தனி" என்று மெச்சிவிட்டுப் போவார்கள். வெளியே பிடித்த கை ஈரத்தைத் துணியில் துடைத்துக்கொண்டு காபி போடப் போய்விடும்.

இப்போது மாமியாரும் இல்லை. கணவர் சூளை எரிப்பதோடு சரி, சக்கரத்தில் உட்கார்ந்ததே கிடையாது. பெரிய சக்கரத்தை ஒரு பள்ளிக்கூடத்துக்காரருக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்துவிட்டு, சாப்பிடும்போது சாவகாசமாகச் சொன்னார்.

"திங்கட்கிழமை வண்டி வருது. நீ பாட்டுக்குச் சின்னச் சக்கரத்துல கிண்ணம் போடு. அது எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு?"

"ஒரே ஒரு சாடி, நானே, என் ரெண்டு கையால செய்யறேன்" என்றாள் அவள். "வந்துட்டா சக்கரம் இங்கேயே இருக்கும். வரலைன்னா வாயை மூடிக்கிட்டு ஆயுசுக்கும் கிண்ணம் போடறேன்."

"அம்மாவுக்கே ரெண்டு பேர் வேண்டியிருந்துச்சேம்மா..."

"உங்கம்மாவுக்கு ஒரு கைதான் இருந்துச்சு. எனக்கு ரெண்டு இருக்கு."

வீம்பாகச் சொல்லியாகிவிட்டது. இனி செய்து காட்ட வேண்டும்.

முதல் நாள் அவ்வளவு மண்ணையும் தட்டின் நடுவில் ஆடாமல் நிறுத்துவதற்கே தோள் கழன்றுவிடும் போலிருந்தது. ஒருவழியாக நிறுத்தி, குழித்து, இடது கையை உள்ளே விட்டாள். முழங்கை உயரம் வரை சுவர் ஒழுங்காக வந்தது. அதற்கு மேல் இடது கைக்கு ஒன்றும் தெரியவில்லை. வலது கை கொடுக்கிற அழுத்தத்துக்கு எங்கே தாங்க வேண்டும், எவ்வளவு தாங்க வேண்டும், எதுவும் பிடிபடவில்லை. சுவர் ஒரு ஆட்டம் ஆடி, ஒரு பக்கமாக மடிந்து, தொப்பென்று அவள் மடியில் விழுந்தது. வழித்து எறிந்துவிட்டு வேறு மண் வைத்தாள். அதுவும் அதே உயரத்தில் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. "சனியனே, உனக்கு என்னதான் வேணும்?" என்று மண்ணைப் பார்த்துக் கத்தினாள். தலைமுடி வரை சேறு.

கணவர் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். "அம்மா இருந்தா..."

அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் சுவர் முழங்கையைத் தாண்டியது. இடது கை கடுத்தது. அதை மட்டும் வெளியே எடுத்து உதறினாள். வலது கை சும்மா சுவரில் பட்டுக்கொண்டிருந்தது. சக்கரம் மெதுவாகச் சுற்றியது.

விரல் நுனியில் இரண்டு தட்டு.

வலது கை சட்டென்று விலகியது.

விலகிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. உள்ளே கையே இல்லை.

அவள் இரண்டு கையையும் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். இரண்டும் இங்கேதான் இருந்தன, சேறு சொட்டிக்கொண்டு. மண்ணுக்குள் காற்றுக்குமிழி இருந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். நம்பவில்லை. ஆனாலும் கையை மறுபடி சுவரில் வைத்தாள். எழுந்து ஓடினால் திங்கட்கிழமை வண்டி வந்துவிடும்.

ஒரு தட்டு.

அழுத்தினாள். உள்ளேயிருந்து அதே அளவுக்கு ஒன்று எதிர்த்து அழுத்தியது. மெலிந்த, உறுதியான விரல்கள். மண்ணின் கனத்தைத் தாண்டி ஒவ்வொரு கணுவும் அவளுக்குத் தெரிந்தது. சுவர் வழுக்கிக்கொண்டு மேலே ஏறியது. தைல வாசனை குப்பென்று அடித்தது.

இரண்டு தட்டு.

"மாட்டேன்" என்றாள் மெதுவாக. கையை எடுக்கவில்லை.

உள்ளேயிருந்து ஒரே ஒரு தள்ளு. சுவர் பிளந்து வெளியே சரிந்தது. திறந்து கிடந்த சாடிக்குள் ஒன்றுமே இல்லை.

பயத்தையும் மீறி அவளுக்கு அழுகை வந்தது, ஆத்திர அழுகை. "செத்தும் விடமாட்டீங்களா அத்தை?" என்று அந்த இருட்டைக் கேட்டாள். பல்பு மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவள் இடது கையை உள்ளே விட்டபோதெல்லாம், ஜில்லென்ற ஏதோ ஒன்று புறங்கை மேல் ஊர்ந்து, மணிக்கட்டைப் பிடித்து, பொறுமையாக வாய் வரை கொண்டுவந்து வெளியே விட்டது. சமையலறையிலிருந்து விருந்தாளியை அனுப்புவது போல, கோபமே இல்லாமல்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளுக்கு ஒன்று புரிந்துபோயிற்று. உள்ளே தனக்கு இடமில்லை. ஆனால் சாடியின் கழுத்தை ஒடுக்குகிற வேலை இருக்கிறதே, அதற்கு இரண்டு கையும் வெளியேதான் வேண்டும். வெளியே பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அன்றைக்கு அவள் இடது கையை உள்ளே விடவே இல்லை. வலது கையை மட்டும் சுவரில் வைத்துக் காத்திருந்தாள். ஒரு தட்டு வந்தது. அழுத்தினாள். சொன்ன பேச்சைக் கேட்டாள். வயிறு அகன்று, சுவர் முழங்கையைத் தாண்டி உயர்ந்து நின்றது. அப்போது இரண்டு உள்ளங்கையாலும் சாடியின் வாயைச் சுற்றிப் பிடித்து நெரிக்க ஆரம்பித்தாள்.

இரண்டு தட்டு.

"இருங்க அத்தை."

இரண்டு தட்டு. மறுபடி இரண்டு. மறுபடி, மறுபடி, படபடவென்று.

வலது கை விலகத் துடித்தது. இடது கையை அதன் மேல் போட்டு அமுக்கிக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு நெரித்தாள். வாய் குறுகி, குறுகி, இரண்டு விரல் போகிற அளவுக்கு ஒடுங்கியது. அதன் வழியாக எந்தக் கையும் வெளியே வர முடியாது.

"உள்ளேயே இருங்க" என்றாள். "அங்கே என்ன நடக்குதுன்னு எனக்கு எதுக்கு?"

தட்டு நின்றது.

கணவர் வந்து பார்த்தார். சாடியை ஒரு சுற்று சுற்றி வந்தார். "அச்சு அசல் அம்மா செஞ்ச மாதிரியே இருக்கும்மா" என்றார். பாராட்டுதான். அவளுக்கு அதை எடுத்து அவர் தலையில் போடலாம் போலிருந்தது. ஆனாலும் பள்ளிக்கூடத்துக்காரரிடம் கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னார், அது போதும்.

பிளாஸ்டிக் உறையைப் போர்த்திக்கொண்டு சாடி வாரக்கணக்கில் காய்ந்தது. காயக் காய, விரல் நுனியில் மட்டும் தெரிந்த தட்டு காதிலும் மெல்லக் கேட்க ஆரம்பித்தது. இரண்டு, ஒரு இடைவெளி, மறுபடி இரண்டு. "காயும்போது மண்ணு சத்தம் போடும்" என்றார் கணவர். அவள் உறையை இன்னும் இறுக்கிப் போர்த்தினாள்.

சூளையில் வைத்தார்கள். ஆறிய பிறகு கதவைத் திறந்த கணவர் அப்படியே நின்றார்.

சாடி கழுத்திலிருந்து அடி வரை நீளமாகப் பிளந்திருந்தது. பிளவின் விளிம்புகள் இரண்டு பக்கமும் வெளியே வளைந்து, ஜன்னல் கதவைத் திறந்துவைத்தாற்போல நின்றன.

"உள்ளேயிருந்து தள்ளின மாதிரி இருக்கே" என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "பள்ளிக்கூடத்துக்காரருக்குச் சொல்லிடட்டுமா?"

அவளுக்கு இரத்தம் தலைக்கேறியது. இத்தனை பாடும் வீணா? "இப்பவே ஒண்ணு செய்யறேன். உங்க கண் முன்னாடியே. வந்து நில்லுங்க."

பெரிய சக்கரத்தில் உட்கார்ந்தாள். மண்ணை நிறுத்தினாள், குழித்தாள். இடது கையை உள்ளே விட்டாள். யாரும் பிடித்து வெளியே விடவில்லை. உள்ளே காலியாக இருந்தது. எங்கே தாங்க வேண்டும், எங்கே விட வேண்டும், எல்லாம் இடது கைக்குத் தெரிந்திருந்தது. சுவர் முழங்கையைத் தாண்டியது, தோளைத் தொட்டது, ஒரு நடுக்கம் இல்லாமல் வயிறு அகன்று நின்றது. கணவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அவள் சிரித்தாள். இருபது வருஷத்தில் அந்த அறையில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவளுக்கு உள்ளபடியே சந்தோஷமாக இருந்தது.

"சக்கரம் எங்கேயும் போகாது, போதுமா?" என்றார் கணவர். பள்ளிக்கூடத்துக்காரரிடமும் போனில் சொல்லிவிட்டார். அதோடு நிற்காமல், என்றும் இல்லாத அதிசயமாக அவரே காபி போட்டுக்கொண்டு வந்து மேஜையில் வைத்தார்.

"பெரிய தொழில்காரி, குடிங்க" என்றார் கேலியாக.

அவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சூடான டம்ளரை நோக்கி வலது கையை நீட்டினாள்.

தைல வாசனை வந்தது.

மடியில் கிடந்த இடது கை எழுந்து வந்தது. அவள் அதை எழுப்பவில்லை. அது மெதுவாக மேஜை மேல் ஏறி, டம்ளரைத் தொட்டிருந்த வலது கையின் புறங்கையில், ஒரு விரலால், இரண்டு தட்டு தட்டியது.

அவள் யோசிப்பதற்கு முன்பே வலது கை விலகிக்கொண்டது.