செம்பிக்குக் கிடைத்த விடுதலை

"முதல்ல நாய்ங்களுக்குத்தான் வைக்கறாங்களாம். அதுங்களுக்கு ஒட்டிக்கிட்டா அப்புறம் நமக்கு" என்று அதியன் ஒருநாள் சொன்னபோது, "நாய்க்குப் பின்னாடி கியூல நிக்கணுமா நான்?" என்று நிறைமதி சிரித்தாள். கல்யாணமாகி நிலவுக்கு வந்த புதிது. எதற்கும் சிரிப்பு வந்த காலம்.

நிலவின் கதிர்வீச்சு பெண்களின் சினைப்பையைச் சில ஆண்டுகளில் வற்றவைத்துவிடும். அதனால் பூமியை விட்டுக் கிளம்பும் முன்பே அதில் ஒரு துண்டை எடுத்து உறைபேழையில் வைத்துவிடுவார்கள். பிள்ளை வேண்டும்போது திரும்பவும் வயிற்றுக்குள் பொருத்துவார்கள். இப்போதெல்லாம் அங்கே அது பல் கட்டிக்கொள்வது போலச் சாதாரணம்.

ஆய்வுக்கூடத்து நாய்கள் குட்டி போட்டன. பெண்களுக்கும் அனுமதி வந்தது. செம்பி என்ற நாய்க்கும், அந்த நாய்களைக் கவனித்துக்கொண்ட மருத்துவர் நிறைமதிக்கும் மட்டும் ஒட்டவே இல்லை. மூன்றாவது அறுவைக்குப் பிறகு மேசையைக் கண்டாலே செம்பி நின்ற இடத்தில் சிறுநீர் கழித்துவிடும். நிறைமதி அதைத் துடைத்துவிட்டு, அதன் தலையை மடியில் வைத்துக்கொள்வாள்.

நான்காவது முறைக்கு ஆய்வுக்கூடம் அனுமதி கேட்டது. ஆய்வு விலங்குகளைக் காக்கும் உயிர்நலக் குழுவில் உறுப்பினனான அதியன் எழுந்தான்.

"மூணு தடவைக்கு மேல கூடாதுன்னு சட்டமே இருக்கு சார். இன்னும் எத்தனை தடவை அதைக் கிழிச்சுத் தைப்பீங்க? பாவம், வாயில்லா ஜீவன்!" அவன் குரல் உடைந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அன்று மாலையே செம்பியை வீட்டுக்கு அழைத்து வந்தான். சாப்பாட்டு மேசைக்கடியில் அது பயமில்லாமல் தூங்கியது.

"பாரேன், எப்படி நிம்மதியாத் தூங்குதுன்னு" என்றவன், நிறைமதியின் தட்டில் இன்னொரு தோசையை வைத்தான். "மதி, அம்மா பூமியிலேருந்து பேசினாங்க. டாக்டர்கிட்ட தேதி வாங்கிட்டேன். புதன்கிழமை. இது ஆறாவது தடவை இல்லையா, முருகன் நம்பர், கண்டிப்பா நிக்கும்னு அம்மா சொன்னாங்க."

அவன் நல்லவன். சொல்லிவிட்டு அவள் தலையை அன்பாக வருடினான். அதனால்தான் இத்தனை ஆண்டுகளாக அவளால் வாயைத் திறக்க முடியவில்லை.

நிறைமதி கையிலிருந்த தோசைத் துண்டைத் தட்டிலேயே வைத்தாள்.

"என்னங்க, அந்தக் குழுவில எனக்காகவும் ஒரு வார்த்தை பேசுங்களேன். என்னையும் விட்டுடச் சொல்லுங்க."