மடிப்புக் கலையாத ஐந்து சட்டைகள்

காலையில் முதல் துணியை மேசையில் விரிக்கும்போதே இஸ்திரியக்காவுக்குக் கை ஓடவில்லை. தெருவுக்கெல்லாம் அவள் இஸ்திரியக்கா. வீட்டுக்குள் ஒரு வாரமாக அவளுக்கு வேறு பெயர்: கல்நெஞ்சக்காரி.

மகள் பாப்பாவுக்கு இரண்டு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று, பெயரைச் சொன்னாலே கேட்பவர் வாயைப் பிளக்கும் பெரிய கல்லூரி. அதில் சேரக் கடையை ஈடுவைத்து வங்கியில் கடன் வாங்க வேண்டும். இன்னொன்று, வீட்டிலிருந்தே பேருந்தில் போய் வரலாம்; செலவும் கைக்கு அடக்கம். இன்று மதியத்துக்குள் ஏதாவது ஒன்றை முடிவு செய்தாக வேண்டும். கடை இஸ்திரியக்கா பெயரில் இருக்கிறது. அவளோ கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். ஏன் என்று கேட்டால் குனிந்த தலை நிமிராமல் துணியைத் தேய்க்கிறாள்.

கணவருக்கு மனசு ஆறவே இல்லை. கல்லாவுக்கு மேலே சுவரில் அவருடைய தம்பி, கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியுமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அதே பெரிய கல்லூரிதான். துணி போட வந்தவர், வாங்க வந்தவர், சும்மா வழி கேட்க வந்தவர் என்று ஒருவரையும் அந்தப் படத்தைக் காட்டாமல் அவர் அனுப்பியதில்லை.

அந்தச் சின்னவனை வளர்த்தவள் இவள்தான். அப்பா அம்மா இல்லாமல் அரைக்கால் சட்டையோடு அண்ணன் பின்னால் வந்து நின்றவன். அவனுக்கு அந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது கணவர்தான் தயங்கினார். கடன்தானே, படித்து முடித்தால் தன்னால் அடைந்துவிடும் என்று காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தவளும் இவள்தான்.

வாரத்துக்கு ஐந்து வெள்ளைச் சட்டைகளைச் சின்னவன் மாடியிலிருந்து கொண்டுவந்து போடுவான். போன வருஷம் ஒருநாள் அதில் ஒன்றைப் பிரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கழுத்துப் பட்டையில் அழுக்கில்லை. சட்டைக் கையில் அவள் போட்ட மடிப்பு போட்டபடியே இருந்தது. துவைக்கிறவளிடம் சட்டை பொய் சொல்லுமா? பிறகொரு நாள் அவன் பையின் அடியில் ஒரு மஞ்சள் பனியன் கிடைத்தது, முதுகில் பெட்டி ஒட்டும் டேப் ஒட்டிக்கொண்டு.

அவள் கேட்டதும் கொல்லைப்புறத்தில் நின்று சின்னவன் அழுதான். ஆபீசில் ஆள் குறைத்தபோது அவனையும் அனுப்பிவிட்டார்கள். இப்போது கிடங்கில் பெட்டி தூக்குகிறான். காலையில் வெள்ளைச் சட்டையில் கிளம்பி அங்கே போய் மாற்றிக்கொள்கிறான். வருவதெல்லாம் கல்விக் கடனுக்கே போகிறது. கல்யாணத்தைத் தள்ளிப்போட்டதும் அதனால்தான். அண்ணனுக்கு மட்டும் தெரிய வேண்டாம், அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அவர் நிமிர்ந்து நடக்கிறார் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவளும் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

கொடுத்ததோடு நிற்கவில்லை. அழுக்கே படாத அந்த ஐந்து சட்டைகளையும் வாராவாரம் நனைத்து, கஞ்சி போட்டு, தேய்த்து, நாலு பேர் பார்க்கக் கடை முகப்பில் மாட்டி வைத்தாள். அவன் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்தாள் பாவி. அந்தச் சட்டைகளை அண்ணாந்து பார்த்தே தன் மகள் ஒரு கனவை வளர்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவள் புத்திக்கு எட்டவே இல்லை.

"சித்தப்பாவுக்குன்னா காதுல கிடந்ததைக் கழட்டிக் குடுத்த," என்றாள் பாப்பா. குரல் உடைந்திருந்தது. "எனக்குன்னா ஒரு கையெழுத்துக்கூட கிடையாதா? ராத்திரி பகலா படிச்சேனேம்மா... உனக்குக் கடைக்கு ஒரு ஆள் வேணும். அதானே?"

"இல்லடி..." என்றவள் குனிந்து அடுத்த துணியை விரித்தாள்.

கணவர் மாடியைப் பார்த்துத் தம்பியைக் கூப்பிட்டார். இவள் போடாவிட்டால் போகிறாள், அவன் ஜாமீன் போடட்டும், அவன் சம்பளத்துக்கு வங்கிக்காரன் எழுந்து நின்று கடன் கொடுப்பான் என்றார். சின்னவன் தோளில் பையும் வெள்ளைச் சட்டையுமாக இறங்கி வந்தான். சம்பளச் சீட்டு ஆபீசில் இருக்கிறது என்று ஏதோ முணுமுணுத்தான். பாப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களாவது சொல்லுங்க சித்தப்பா. பெத்தவளுக்கே நான் முன்னுக்கு வர்றது பிடிக்கல."

சின்னவன் அண்ணியைப் பார்த்தான். அந்த நிலையிலும் அவள் சொல்லாதே என்று லேசாகத் தலையை அசைத்தாள். அந்தத் தலையசைப்பை அவனால் தாங்க முடியவில்லை. பையைத் திறந்து மஞ்சள் பனியனை எடுத்து இஸ்திரி மேசையில் வைத்தான்.

"அண்ணி, இன்னைக்கு இதைத் தேய்ச்சுக் குடுங்க. இனிமே இதைப் போட்டுக்கிட்டே வீட்டுலேர்ந்து கிளம்புறேன்."

பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, எல்லாவற்றையும் சொன்னான். அண்ணிக்கு ஒரு வருஷமாகத் தெரியும் என்பதையும் சொன்னான்.

கணவர் படத்தைப் பார்த்தார், பனியனைப் பார்த்தார், முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான் உன் அண்ணன்தானேடா," என்றார். பிறகு எழுந்து மனைவி பக்கத்தில் வந்து நின்றார். ஒரு வாரமாகப் பேசியதெல்லாம் அவர் முகத்தில் தெரிந்தது. அவள் பனியன் மேல் ஈரத்துணியைப் போட்டு, சூட்டைக் குறைத்து, பக்குவமாகத் தேய்த்து நீட்டினாள். சின்னவன் அதைப் போட்டுக்கொண்டு பாப்பாவிடம் வந்தான்.

"எனக்கு நடந்ததுதான் உனக்கும் நடக்கும்னு இல்ல பாப்பா. என்கூடப் படிச்சவங்க நிறைய பேர் நல்லாத்தான் இருக்காங்க. நான் மாட்டிக்கிட்டேன். நீ எந்தப் பக்கம் நிப்பேன்னு இப்பவே யாராலயும் சொல்ல முடியாது."

சொல்லிவிட்டு முன்வாசல் வழியாகவே இறங்கிப் போனான்.

பாப்பா பின்னாலிருந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். முதுகெல்லாம் நனைந்தது. "ஏம்மா சொல்லல? நான் அவ்வளவு பேசியும் ஏம்மா வாயைத் திறக்கல?"

"வாக்குக் குடுத்துட்டேன்டி..."

இஸ்திரியக்கா மேல் விழுந்த பழி போயிற்று. ஆனால் பாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்போனில் சேர்க்கைப் பக்கத்தைத் திறந்தபோது, எந்தக் கல்லூரியைத் தொடப்போகிறாள் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வாரமாக அவள் வேண்டிக்கொண்டதும் இதைத்தானே? இப்போது, வேண்டாம்டி, ஆனது ஆகட்டும், நீ பெரிய காலேஜுக்கே போ என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால், மகளும் ஒருநாள் பையின் அடியில் எதையாவது ஒளித்து வைப்பாளோ? கத்தாவிட்டால், ஆயுசுக்கும் இவள் மனசில் அந்தக் குறை கிடக்குமோ? போ என்றும் சொல்ல வரவில்லை, போகாதே என்றும் சொல்ல வரவில்லை. பாப்பா ஒரே ஒரு தரம் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு விரலால் தொட்டாள். முடிந்தது.

துணி வாங்க வந்த கணக்கு வாத்தியார் வழக்கம்போலச் சுவரைப் பார்த்தார். "என்ன, பாப்பாவும் சித்தப்பா காலேஜ்தானே?"

கணவர் கல்லாவைத் திறந்து மூடினார். அந்தப் படத்தைப் பற்றி அவர் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

"இல்ல சார். இங்க பக்கத்துல இருக்கறதுதான். வீட்டுலேர்ந்தே போயிட்டு வரலாம்," என்றாள் பாப்பா, சிரித்த முகமாக.

"அதுவும் நல்ல காலேஜ்தாம்மா," என்றார் வாத்தியார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

இஸ்திரியக்கா திரும்பிக்கொண்டாள். கை எதையாவது செய்தாக வேண்டியிருந்தது. முகப்பில் தொங்கிய வெள்ளைச் சட்டை ஒன்றை இறக்கி, மடிப்புக் கலையாத அதை மேசையில் விரித்து, மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள்.